துக்க வீட்டில் ஃபேனை நிறுத்தியவர்களுக்கு

அன்புள்ள குடும்பத்தாருக்கு, வணக்கம்.

இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. கண்தானம் பெறக் கண் வங்கிக் குழுவோடு வந்து, வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் வெளியேறிவிடும் தன்னார்வலர்கள் நாங்கள். அன்று சொல்லாமல் விட்ட நன்றி இது.

காலையில் காபி குடித்துப் பேப்பர் படித்தவரைப் பத்து மணிக்கு நடுக்கூடத்தில் கிடத்திவிடுகிறோம். மூச்சு அவ்வளவுதான். இதயம் நின்றால் மற்ற உறுப்புகள் ரத்தமில்லாமல் சீக்கிரம் கெட்டுவிடும். கண்தானத்தில் இன்னொருவருக்குப் பொருத்துவது கருவிழியை, அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தை. அதில் ரத்தக்குழாயே கிடையாது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அது, கண்ணீர் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜன் வாங்கிப் பழகியது. 6 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதில் பாதி, ஊருக்குச் சொல்லி அனுப்புவதிலேயே போய்விடும்.

முதல் நன்றி, இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்த கைகளுக்கு. அரைக்கண் திறந்திருந்தால் கருவிழியின் மேல்தோல் காய்ந்து கலங்கிவிடும். ஏசி ஓடலாம், தலைக்கு மேல் ஃபேன் சுற்றக் கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தினால், எடுக்கும்போது ரத்தக்கசிவு குறையும். புழுங்கும் கூடத்தில் ஃபேனை நிறுத்தினால் முணுமுணுப்பு வராமல் இருக்குமா? அதைச் சமாளித்த பக்கத்து வீட்டு அக்காக்களுக்குத் தனி வணக்கம். வென்டிலேட்டரில் இருப்பவரின் இமை சரியாக மூடாது என்றறிந்து, களிம்பு தடவிக் காத்த ஐசியூ செவிலியர்களுக்கும்தான்.

"பிள்ளை வந்து முகம் பார்க்கட்டும்" என்று காத்திராமல், போனிலேயே சம்மதம் கேட்ட பங்காளிகளுக்கு நன்றி. மனமிருந்தும் கண் கைநழுவுவது இந்தத் தாமதத்தில்தான். நடுராத்திரி ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், கூப்பிடுங்கள். இறந்தவர் முன்பே எழுதிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. நெருங்கிய உறவினரின் கையெழுத்தும் சாட்சிகளும் போதும். எண்பது வயது, சர்க்கரை, மூக்குக்கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, ரேபிஸ், ரத்தப் புற்றுநோய் இருந்தால் பொருத்த மாட்டார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுத்தது இந்தப் பரிசோதனைக்குத்தான்.

ஃப்ரீசர் பெட்டிக்காரரும் பொறுமையாக நின்றார். எடுக்க 20 நிமிடம் போதும். முகத்தில் குழி விழுமோ என்று பயந்த பாட்டிமார்களே பிறகு பார்த்துவிட்டு, "அப்படியேதான்டி இருக்கு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

எம்கே என்ற பாதுகாப்புக் கரைசலில் குளிரில் வைத்தால் கருவிழி 4 நாள் வரை தாங்கும். அதற்குள் உட்புறச் செல்களை எண்ணுவார்கள். இவை திரும்ப வளராதவை. சதுர மில்லிமீட்டருக்கு 2000-க்கு மேல் இருந்தால் பார்வை தரும் ஆபரேஷனுக்கு ஏற்றது. குறைந்தாலும் வீணில்லை. கதிரடிக்கும்போது நெல் உமி பட்டுப் பூஞ்சைப் புண்ணாகி, தாய்ப்பாலும் எண்ணெயும் விட்டு முற்றவிட்டு வருகிறவர்களின் கண்ணையே காப்பாற்ற அது உதவும்.

யாருக்குப் பொருத்தினார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெயரைச் சொல்ல விதி இடம் தராது. கண் வங்கியின் சான்றிதழ் மட்டும் பதினாறாம் நாள் காரியத்துக்குள் வந்து சேராவிட்டால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்தானத் தன்னார்வலர்கள்