கலாவுக்கு ஒரு பிஸ்டல்

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள சந்துரு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. பதில் எழுதாமல் ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன். நடுவில் நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவையும் ஒரே இடத்தில் பேனா நின்றுவிட்டது. வேலை அதிகம் என்று போனில் சொன்னேனே, அது பொய். மன்னித்துக்கொள்.

முதலில் மற்றதெல்லாம். அம்மாவின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது. நித்யா பன்னிரண்டாவது, வீட்டில் டிவி ஓடுவதில்லை. டில்லி மறுபடியும் வீடு மாறிவிட்டான், இந்தத் தடவை மணலி. அங்கேயாவது வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் இருக்கச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை எழுது, உன் பேச்சைத்தான் கேட்பான். விமலா தங்கச்சிக்கு சுகர் எப்படி? வாக்கிங் போகிறாளா, இல்லை உன்னை மாதிரி ஷூ மட்டும் வாங்கி வைத்திருக்கிறாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலா துப்பாக்கி சுடுகிறாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழும்பூரில் ரேஞ்ச், சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் மெட்ரோ ஏறிப் போய்விடுகிறாள்.

ஆரம்பித்தது 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்கின்போது. மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய அன்று நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். 221.7 புள்ளி. நம் நாட்டில் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண். நானும் நித்யாவும் கத்திக்கொண்டிருந்தோம். கலா மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கையைக் கீழே இறக்கிட்டு மறுபடி தூக்குது பாருங்க, கேரம்ல நான் ரெட் காயை அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரைக்கரைத் தொடாம உட்கார்ந்திருப்பேனே, அதே மாதிரி" என்றாள். நித்யா என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுட்டவள் இல்லையா, அவள்தான் விசாரித்து தன் அம்மா கலாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கலாவின் கேரம் கை உனக்குத் தெரியும். அந்த லெப்டு கையிடம் நீயும் நானும் வாங்கிய அடி கொஞ்சமா? எட்டணா பந்தயத்தில் நீ தோற்றதை நான் இங்கே கணக்கெடுக்கப் போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் போர்டு பக்கமே போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது ஊரே கொண்டாடியது. கலா அன்று ராத்திரி பழைய ஸ்ட்ரைக்கரை எடுத்துத் துடைத்து வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷம் ஒருத்தியின் கையை சும்மா வைத்திருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

முதலில் அந்தக் கேரம் விரலே அவளுக்கு எதிரியாக இருந்தது. கேரமில் சுண்ட வேண்டும். இங்கே சுண்டினால் குண்டு வளையத்துக்கு வெளியே போய்விடும். டிரிகரை எப்போது விழுந்தது என்று தனக்கே தெரியாத மாதிரி மெதுவாக அழுத்த வேண்டும். கோச் மேடம் அவளை மூன்று மாதம் வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் பிஸ்டலை அழுத்த வைத்தார். இப்போது அறுபது குண்டில் 531 வரை வந்திருக்கிறாள். 600-க்கு. பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் எவ்வளவு தெரியுமா? 11.5 மில்லிமீட்டர். உன் சட்டைப் பொத்தானைக் கழற்றி எங்கள் சந்து முனையில் ஒட்டிவிட்டு வாசலில் இருந்து பார், புரியும். அதுவும் ஒரே கையால், 75 நிமிஷத்துக்குள் அறுபது தடவை.

இதுவரை ரேஞ்ச் பிஸ்டலில்தான் சுடுகிறாள். அது வலது கைக்குச் செய்த பிடி. அவள் இடது கையில் பிடித்தால் உள்ளங்கையில் ஒரு பக்கம் இடிக்கிறது, இன்னொரு பக்கம் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்துகொள்கிறாள். நாற்பதாவது குண்டுக்கு மேல் விரல் மரத்துப் போகிறது. அதனால் அவளுக்கென்று ஒன்று வாங்கிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். தப்பும் அங்கேதான் நடந்தது.

இருபதாவது கல்யாண நாளுக்கு அவளிடம் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க நினைத்தேன், சந்துரு. பெரிய மச்சான் ஒரு பக்கம், "கான்பூர்ல 2014-இல பொம்பளைங்களுக்குன்னே நிர்பீக்னு ரிவால்வர் போட்டாங்களே, அரைக் கிலோதான், அதை வாங்குங்க" என்றார். அது .32; தற்காப்புக்கு வைத்துக்கொள்வது, லைசென்ஸ் வேண்டும், இந்தப் போட்டியில் அதற்கு வேலையே இல்லை. அதைப் புரிய வைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நான் போன கடைக்காரர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "லேடீஸுக்கா சார்?" உடனே குட்டைக் குழாய் மாடல் ஒன்றை எடுத்துக் காட்டினார். எடை குறைவு, அழகாக இருந்தது. நானும் தலையாட்டி ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தக் கை, எவ்வளவு பெரிய கை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை.

ரசீதைக் கலா பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "எனக்குச் செருப்பு வாங்கறதுன்னாகூட கால் அளவு கேப்பீங்களே?"

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். அவளிடம், கோச் மேடத்திடம், ரேஞ்சில் சுடும் பிள்ளைகளிடம். எடை குறைந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன் இல்லையா? லேசான பிஸ்டல் கையில் வேகமாக ஆடுமாம். முனையில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் ஆட்டம் அடங்கி மெதுவாகும். விதிப்படி ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம். பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் வருகின்றன. குட்டைக் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. கலாவுக்கு 44 வயது, தோளில் வலு இருக்கிறது. எங்கள் தெருவில் அவள் குடம் தூக்கிய வருஷங்கள் வீண் போகவில்லை.

கண் விஷயம் இன்னும் முக்கியம். சுடும்போது குறிப்பலகையைப் பார்க்கக் கூடாது, குறி பார்க்கக் குழாய் முனையில் வைத்திருக்கும் முன் சைட்டைத்தான் பார்க்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். ஆனால் கலாவுக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டது. குட்டைக் குழாயில் முன் சைட் இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதுவே மங்குகிறது. முழு நீளத்தில் அவளுக்குக் கூர்மையாகத் தெரிகிறது. அதோடு முன் சைட், பின் சைட் இரண்டுக்கும் இடையில் தூரம் கூடினால் சின்னப் பிழையும் கண்ணில் பட்டுவிடும். ஆக, பெண் என்பதால் சின்னதாக வேண்டியது பிடி மட்டும்தான். குழாய் முழுசாக இருக்க வேண்டும். கடையில் நான் முன்பணம் கொடுத்தது இதற்கு நேர் எதிரானதற்கு.

டிரிகரில் இரண்டு வகை. மோரினி என்று சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது. அதில் பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் டிரிகர், கண்ணாடி உடைவது மாதிரி சுத்தமாக விழுகிறது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எல்.பி.10-இல் சாதா டிரிகர். குண்டு கிளம்பும்போது வரும் உதறலை உள்ளேயே வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் 500 கிராமுக்குக் குறையாமல் இழுவை இருக்க வேண்டும், போட்டிக்கு முன்னால் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ரேஞ்சுப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாள் தங்கள் பிஸ்டலைக் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். கலாவுக்கு ஸ்டெயர் பிடித்திருக்கிறது. "விரல் நுனிக்கு எடை தெரியணும், அப்பதான் கையில இருக்கறது ஸ்ட்ரைக்கர் மாதிரி என்னோடதா இருக்கு" என்கிறாள். நான் மறுபேச்சு பேசவில்லை.

பிடியைச் சரிபார்க்க ஒரு வழி கண்டுபிடித்தோம். காசிமேட்டில் படகு கட்டும் நம் முனுசாமி ஆசாரி, அவரிடம் கலாவைக் கூட்டிப் போனேன். அவள் கையைக் களிமண்ணில் அழுத்தச் சொல்லி அச்சு எடுத்து, படகில் மிச்சமான மரத்தில் அப்படியே செதுக்கிக் கொடுத்துவிட்டார். முன்னால் ஒரு இரும்புத் துண்டு, மொத்தம் ஒரு கிலோ. காசு வாங்கவில்லை. தினம் ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கம்பெனிக்காரர்களின் அளவுப்படி அது இடது கை, எஸ் சைஸ்.

இனி பேனா நின்ற இடம்.

ராஜாண்ணன் போன பிறகு உன் அம்மா மீன் வெட்டும் கத்தியைக்கூடத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நீ கோயம்புத்தூருக்கே போய்விட்டாய். ஆயுதம் என்ற சொல்லை உன் முன்னால் யாரும் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட உனக்கு, "என் பெண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்குகிறேன்" என்று எந்த வாயால் எழுதுவது? வடசென்னை என்றாலே வெளியூர்க்காரன் மனசில் என்ன படம் ஓடும் என்று நமக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு நானும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கிறேனோ என்று பயமாக இருந்தது.

அதனால் போன மாதம் நானே ரேஞ்சுக்குப் போய் ஒரு முழுக் காலை உட்கார்ந்தேன். நான் நினைத்த மாதிரி இல்லை, சந்துரு. அவ்வளவு அமைதியான இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. காலியாக இருந்தாலும் ஆள் பக்கம் குழாயைத் திருப்பக் கூடாது. ஒரு பையன் தெரியாமல் திருப்பிவிட்டான், உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள். சுடாத நேரத்தில் குழாய்க்குள் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று ஓட வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரிவதற்கு. பெல்லட் என்கிற அந்தக் குண்டு அரை கிராம் ஈயம், தட்டை மூக்கு, தாளில் வட்டமாக ஓட்டை போடும். 4.5 மி.மீ. குழாய், சுடும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் பிஸ்டல் என்பதால் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து விளையாட்டுச் சாமானாக நினைக்கக் கூடாது, பக்கத்தில் பட்டால் கண் போய்விடும். வீட்டில் இரும்புப் பெட்டி வாங்கியாயிற்று. பெல்லட் வேறு இடத்தில், பெட்டிச் சாவி கலாவிடம் மட்டும். அம்மாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம், அவர்கள் பயம் அவர்களுக்கு.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். புதுசு என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது, நம்மால் முடியாது. உங்கள் ஊரில் ஒரு கல்லூரிப் பெண், மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாள், தன்னுடைய எல்.பி.10-ஐ விற்கிறாள். இடது கை, எஸ் சைஸ் பிடி, முழு நீளக் குழாய். 85,000 சொல்கிறாள். கோச் மேடம் மூலமாகத்தான் தெரிய வந்தது. இடது கை பிஸ்டல் பழசில் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். அவள் இரண்டாவது சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

பழசு என்பதால் பயமும் இருக்கிறது. மனு பாக்கருக்கே டோக்கியோவில் போட்டி நடுவில் பிஸ்டலின் லீவர் உடைந்து இறுதிச் சுற்று போயிற்று. முக்கியமாக அந்தக் காற்று சிலிண்டர். முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் டேங்கில் இருந்து 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புகிறார்கள். சிலிண்டர் செய்த தேதியில் இருந்து பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள், தேதியை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். கெடு தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். காற்று கசிகிறதா என்று பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும். போட்டோவில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலா கையில் பிடித்து, கண்ணை மூடித் தூக்கி, திறந்து பார்க்கும்போது சைட் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் 85,000 இல்லை, எட்டாயிரத்துக்குக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுவோம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

வெள்ளி ராத்திரி சேரனில் ஏறுகிறோம், கலாவும் நானும். சனிக்கிழமை காலை உன் வீட்டில் இருப்போம். அந்தப் பெண்ணின் வீடு சிங்காநல்லூர் பக்கம். நீ கூட வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கலா உள்ளே போய்ப் பார்க்கட்டும், உனக்கு மனசு இல்லை என்றால் நீயும் நானும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். அதைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம். எங்கள் வீட்டில் இது இருப்பது உனக்குக் கஷ்டமாக இருந்தால் அதையும் எழுதிவிடு. உன்னிடம் மறைத்து வைத்திருந்த இந்த ஒன்பது மாதம் எனக்கு நன்றாக இல்லை.

விமலாவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன், காசிமேட்டில் நேற்றே சொல்லிவைத்தாயிற்று. கலா தன் ஸ்ட்ரைக்கரையும் பையில் போட்டிருக்கிறாள். உன் வீட்டு போர்டு இன்னும் இருக்கிறதா? பவுடர் வாங்கி வை.

உன்
பாலு