பெண்கள் டிஸ்க் கோல்ஃப் போட்டிகளை வர்ணிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாங்கள் சார்லட் நகரத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் டிஸ்க் கோல்ஃப் பற்றிய பேச்செல்லாம் தமிழில்தான், அதனால் இந்த மடலையும் முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி ஒன்று உங்களுக்கு வந்து சேரும். இன்னொரு காரணமும் உண்டு. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வருகிற தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. மரங்களுக்கு நடுவில் சங்கிலி தொங்குகிற இரும்புக் கூடையைப் பார்த்து "இது என்னது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை: கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் டிஸ்க் என்கிற தட்டு, குழிக்குப் பதில் கூடை, குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் முன்னிலை. ஃபிரிஸ்பீயைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக்தான் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார், சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததே, விதிகளை வகுக்கிற பிடிஜிஏ என்ற சங்கத்தை 1976-ல் தொடங்கியவரும் அவர்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது உங்கள் ஒளிபரப்பைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தின் மீது பைத்தியமானாள். ஒரு வீராங்கனை எறிந்த டிஸ்க் நேராகப் போய், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் மெதுவாக இடப்பக்கம் திரும்பிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த டிஸ்க் என்ன என்று நீங்கள் சொன்னீர்கள், அது எப்படிப் பறக்கும் என்றும் சொன்னீர்கள். அவள் பிறந்தநாளுக்கு அதே டிஸ்க்கைக் கேட்டாள், வாங்கிக்கொடுத்தேன். அடுத்த மூன்று மாதம் அந்த டிஸ்க் ஒருமுறைகூட வலப்பக்கம் போகவில்லை. கையை விட்டதும் இடப்பக்கம் வளைந்து முப்பது மீட்டரில் தரையைக் கொத்தியது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. "எனக்குக் கையில பலம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைப் பையில் வைத்துவிட்டாள்.

ஒருநாள் பூங்காவில் எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் இதைக் கவனித்துவிட்டு, தன் பையிலிருந்து ஓரம் தேய்ந்துபோன ஒரு லேசான டிஸ்க்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வெளி விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து எறி என்றார். எறிந்தாள். சாய்ந்து கிளம்பிய டிஸ்க் தானாக நிமிர்ந்து நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவள் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். கையில் குறை எதுவும் இல்லை. வேகத்துக்குப் பொருந்தாத டிஸ்க், அவ்வளவுதான். அதை அவளிடம் மூன்று மாதத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம், சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நீங்கள்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். இன்னோவா என்ற நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்றால் 12, 5, -1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்ட் என்றால் 6, 5, -2, 1. முதல் எண், அந்த டிஸ்க் தன் குணத்தைக் காட்ட எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, காற்றில் எவ்வளவு மிதக்கும் என்பதற்கு. வலது கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி, எறிந்தால் மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகமாகப் பறக்கும் கட்டத்தில் அது வலப்பக்கம் சாய்வது டர்ன், வேகம் ஓய்ந்த பிறகு இடப்பக்கம் வளைவது ஃபேட்.

இது ஏன் நடக்கிறது என்பதை ஒளிபரப்பில் விளக்கி நான் கேட்டதே இல்லை. பம்பரம் விட்டவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். டிஸ்க்கைக் காற்று தூக்குகிற புள்ளி சரியாக அதன் நடுவில் இருப்பதில்லை. வேகமாகப் போகும்போது அந்தப் புள்ளி நடுவுக்குப் பின்னால் இருக்கிறது, வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கும்போது முன்பக்கம் நகர்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் மூக்கு குனிய வேண்டும், முன்பக்கத்தைத் தூக்கினால் மூக்கு நிமிர வேண்டும். ஆனால் சுழன்றுகொண்டிருக்கிற பொருளைத் தள்ளினால் தள்ளிய பக்கமே சாயாது, கால் வட்டம் தள்ளித்தான் சாயும். அதனால் குனிய வேண்டியது வலப்பக்கம் சாய்கிறது, நிமிர வேண்டியது இடப்பக்கம் சாய்கிறது. ஃபோர்ஹேண்டாக, அதாவது கை இருக்கிற பக்கத்திலிருந்தே வீசி, எறிந்தால் சுழற்சி மாறிவிடும், திசைகளும் மாறிவிடும்.

இதில் முக்கியமான சொல் வேகம். அண்டர்ஸ்டேபிள் (டர்ன் அதிகம்), ஓவர்ஸ்டேபிள் (ஃபேட் அதிகம்) என்று நீங்கள் டிஸ்க்குக்கு ஜாதகம் சொல்வதுபோலச் சொல்கிறீர்கள், ஆனால் அது டிஸ்க்கின் குணம் மட்டும் இல்லை, டிஸ்க்கும் கையும் காற்றும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். முன்னணி ஆண் வீரர்கள் 130, 140 மீட்டர் எறிகிறார்கள், முன்னணி வீராங்கனைகள் 100, 110, 120 மீட்டர். அந்த வேகத்தில் ஓர் ஆண் எறிந்தால் வலப்பக்கம் புரண்டுபோகிற டிஸ்க், ஒரு வீராங்கனையின் கையில் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். ஆணுக்கு நேராகப் போகிற டிஸ்க் அந்த வீராங்கனையின் கையில் நம்பகமாக இடப்பக்கம் வளையும். எதிர்க்காற்று அடித்தால் டிஸ்க்கின் மேல் படுகிற காற்றின் வேகம் கூடுகிறது, அதனால் அது டர்னை அதிகமாக்குகிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் நேர்மாறு. 2022 உலகப் போட்டி நடந்த எம்போரியா, கன்சாஸ் சமவெளி ஊர், அங்கே காற்றைக் கணக்கில் எடுக்காமல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே ஜெயித்தவர் எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தட்டார், மறு வருடம் வெர்மான்ட்டிலும் அவரே உலகச் சாம்பியன். அவர் பையில் இருப்பவை எவை, ஒன்றை விட்டு இன்னொன்றை ஏன் எடுக்கிறார் என்று ஒரு சுற்று முழுக்க நீங்கள் பேசினால் அதுவே ஒரு பாடம்.

ஆனால் நான் கேட்பது என்ன? "ஆண்கள் இங்கே பட்டர் எடுப்பார்கள், இவர் மிட்ரேஞ்ச் எடுக்கிறார்." (பட்டர் கிட்டத்தில் போடுகிற மெதுவான டிஸ்க், மிட்ரேஞ்ச் அதைவிடக் கொஞ்சம் தூரம் போவது.) "ஆண்களின் டீ இன்னும் ஐம்பது மீட்டர் பின்னால்." (டீ என்றால் முதல் எறியை எறிகிற இடம்.) ஒரு வீராங்கனை எறியத் தயாராகிக் கால் வைக்கிற அந்த நேரத்தில் இன்னொரு பிரிவின் அளவுகோலை எடுத்து நீட்டுகிறீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவருக்கு அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. வெளி விளிம்பைத் தாழ்த்தி ஹைசர் கோணத்தில் விட்டாரா, உயர்த்தி ஆன்ஹைசரில் விட்டாரா, டிஸ்க் எங்கே நிமிரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார், வலப்பக்கம் தண்ணீர் இருக்கும்போது இடப்பக்கம் வளைவதை ஏன் நம்பியிருக்கிறார் என்பதல்லவா அந்த எறியின் கதை? ஹைசர் கோணத்தில் விட்டு டிஸ்க்கைத் தானாக நிமிர வைக்கிற ஹைசர்ஃபிளிப்பைப் பெண்கள் போட்டியில் எத்தனை விதமாகப் பார்க்கலாம் தெரியுமா! பூங்காவுக்குப் போய் ஆடுகிற நம்மில் பெரும்பாலானவர்களின் கை வேகம் அவர்களுடையதற்குத்தான் பக்கம், ஆண்கள் அடிக்கிற 140 மீட்டருக்கு இல்லை. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பெண்கள் போட்டியைப் பார் என்றுதான் நான் யாரிடமும் சொல்வேன்.

தூரம் முக்கியம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2016-ல் நெவாடா பாலைவனத்தில் ஜெனிஃபர் ஆலன் 173.3 மீட்டர் எறிந்து பெண்களுக்கான உலக சாதனை படைத்தார், அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஆனால் தாய்லாந்தில் பிறந்த ஓன் ஸ்காக்கின்ஸ், தூரத்தில் அவரை மிஞ்சுகிறவர்கள் பலர் இருக்க, கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் தவறவே மாட்டார் என்ற பெயரோடு அவர்களையெல்லாம் தோற்கடித்திருக்கிறார். அவர் பட்டிங் செய்யும்போது, அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடும்போது, எறிந்த தூரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அந்தக் கால் வைப்பையும் மணிக்கட்டையும் பேசுங்கள்.

கால் என்றதும் அடுத்த விஷயம். விதிகள்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குழுவோடும் நடுவர் நடப்பதில்லை. ஒருவர் தவறை ஒருவர் சொல்ல வேண்டும், குழுவில் இன்னொருவர் அதை ஆமோதிக்க வேண்டும், அப்போதுதான் அது செல்லும். தவறு தெளிவாக நடந்திருந்தால் சொல்லவேண்டும் என்றே விதி எதிர்பார்க்கிறது, சொல்லாமல் விடுவது பெருந்தன்மை ஆகாது, மைதானத்தில் மற்றக் குழுக்களில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குச் செய்கிற அநியாயம் அது. ஆனால் ஒரு வீராங்கனை இன்னொருவரின் ஃபுட் ஃபால்ட்டை, அதாவது கால் வைப்பதில் செய்த தவறை, சொன்ன நாளில் சமூக வலைத்தளங்களில் அவரை என்னவெல்லாம் திட்டுகிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொறாமைக்காரி, சின்ன புத்தி, இன்னும் எழுத முடியாதவை. அந்த நேரத்தில் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "ஐயோ, சங்கடமான நிலைமை" என்று நகர்ந்துவிட்டால், தவறைச் சொன்னவரே தவறு செய்தவர் என்று ஆகிவிடுகிறது.

விதியை விளக்க அரை நிமிடம் போதும். டிஸ்க் விழுந்த இடத்தில் அடையாளம் வைத்து, அதற்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள ஒரு செவ்வகத்தில் காலோ உடம்பில் வேறொரு பகுதியோ தரையைத் தொட்டிருக்கும்போதுதான் டிஸ்க் கையை விட்டுப் போகவேண்டும். கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள். முழு ஓட்டத்தில் ஓடிவந்து, உடம்பையே முறுக்கி எறிகிற நொடியில், பார்க்காமலே அந்தத் தாளின் மேல் கால் வைக்க வேண்டும்! எவ்வளவு கஷ்டமான வேலை என்று அதைப் பார்த்தால்தான் புரியும், ஆனால் கேமரா எப்போதும் முகத்திலும் டிஸ்க்கிலுமே நிற்கிறது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால் இன்னும் கறார்: எறிந்த பிறகு சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே அடி வைக்கலாம். எடுத்து எறிய 30 விநாடி. எல்லைக் கயிற்றுக்கு வெளியே டிஸ்க் போனால் ஒரு அபராத எறி. இவ்வளவுதான், இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவை நாற்பது வருடமாக விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். 2021 உலகப் போட்டி யூட்டாவின் ஆக்டனில் நடந்தது. கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து, அதாவது சுமார் 75 மீட்டரிலிருந்து, நேராகக் கூடைக்குள் போட்டு, சமன் செய்து, முடிவுக்கான கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் பால் மெக்பெத்தை வென்றார். உலகமே பார்த்த எறி, நானும் நூறு தடவையாவது பார்த்திருப்பேன், இன்னும் நூறு தடவை பார்ப்பேன். அதே போட்டியில் 2014-க்குப் பிறகு ஏழு வருடம் காத்திருந்து காட்ரீனா ஆலன் இரண்டாவது முறை உலகச் சாம்பியன் ஆனார். அவர் எப்படி ஜெயித்தார், எந்த எறி திருப்பம் என்று எனக்குத் தெரிந்த ரசிகர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெய்ஜ் பியர்ஸ் ஐந்து முறை உலகச் சாம்பியன், அவருக்கு முன்னால் ஜூலியானா கோர்வரும் எலைன் கிங்கும் ஐந்தைந்து முறை. இவர்களுடைய ஒரு எறியாவது நம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறதா? எறிகள் இல்லாமல் இல்லை. எது பெரிய எறி என்று நடக்கும்போதே சொல்லி, ஏன் பெரியது என்றும் சொல்கிற ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டிஸ்க்கின் எண்களைச் சொல்லும்போது எறிகிறவரின் வேகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு டீயிலும் காட்டுங்கள். ஒரு கேமராவையாவது காலடிக்கு இறக்குங்கள். விதிப்படி ஒரு தவறைச் சொன்ன வீராங்கனைக்காக விதியை வாசித்துக் காட்டுங்கள், அவர் பக்கம் பேசவேண்டும் என்றுகூட இல்லை, வாசித்தாலே போதும்.

அக்டோபரில் ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் த்ரோ பிங்க் பெண்கள் போட்டிக்கு நாங்கள் போவோம், எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மகள் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொள்வாள், எறிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உங்கள் பேச்சைக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். பையில் அந்தத் தேய்ந்த டிஸ்க் இருக்கும். எதிரில் டீயில் நிற்பவர் கையில் எடுத்திருப்பது என்ன, எந்தக் கோணத்தில் விடப்போகிறார், அது ஏன் அவர் கையில் அப்படிப் பறக்கும் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சார்லட்டிலிருந்து ஒரு ரசிகர், ஒரு ரசிகையின் அப்பா