எண்ணிக்கை இருக்கிறது, சாலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியர் ஒருவரின் பணிவாழ்வைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் இத்தனை, முனைவர் பட்டம் பெற்ற மாணவர்கள் இத்தனை பேர். எல்லாம் இருக்கிறது. அவர் எந்தச் சாலையோரம் நின்றார், அங்கே என்ன பார்த்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

இந்தத் துறையில் அதுதான் முதல் கேள்வி. புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியர். ஒஹையோ மாநிலத்தில் சாலையோரமாக 16 மி.மீ. சினிமா கேமராவை நிறுத்தி, மோட்டார் வைத்துச் சீரான இடைவெளியில் படம் எடுத்தார். ஒரு வண்டி அடுத்தடுத்த படங்களில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் வந்துவிடும். 1935-இல் அமெரிக்க நெடுஞ்சாலை ஆய்வு வாரியத்தின் தொகுப்பில் அவர் வெளியிட்ட கட்டுரை, சாலையில் வண்டிகளின் அடர்த்தி கூடக் கூட வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்றது. உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது அந்தக் கோட்டைத்தான்.

அந்தக் கோடு வெறும் 7 புள்ளிகளில் நிற்கிறது! ஆறு புள்ளிகள் நெரிசல் அதிகமில்லாத ஓட்டத்தைச் சேர்ந்தவை. நெரிசலைக் காட்டும் ஏழாவது புள்ளி வேறொரு சாலையிலிருந்து வந்தது. வண்டிகளை நூறு நூறாகத் தொகுத்தபோது ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் பத்து வண்டிதான் வித்தியாசம். மீதி 90 இரண்டிலும் உண்டு. எடுத்ததும் விடுமுறை நாள் போக்குவரத்தை. இன்று ஒரு மாணவர் இப்படிக் கொண்டுவந்தால் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனாலும் அந்தக் கட்டுரையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தக் குறைகளெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? எப்படி எடுத்தேன், எப்படித் தொகுத்தேன் என்று அவர் ஒளிக்காமல் எழுதியதால்தானே.

இதையொட்டி ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். வேகம் கூடக் கூடச் சாலை தாங்கும் வண்டிகளும் கூடும் என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. தவறு. வேகம் உச்சத்தில் இருப்பது சாலை காலியாக இருக்கும்போது. கிரீன்ஷீல்ட்ஸ் கோட்டின்படி, காலிச் சாலை வேகத்தில் சரிபாதிக்கு இறங்கும்போதுதான் மணிக்கு அதிக வண்டிகள் கடக்கும். இன்றைய விரைவுச்சாலைகளில் அளந்தவர்கள் அந்த உச்சம் பாதிக்கு வெகு மேலேயே வந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆக, கோடும் முழுக்கச் சரியில்லை. உங்கள் வரி அதைவிடத் தூரம்.

கேமராவோடு போனால்தான் ஆய்வு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்த கார்லோஸ் டகான்சோ 1995-இல் எழுதிய கட்டுரை முழுக்கக் கணிதம்தான். போக்குவரத்தைத் திரவம் போலக் கருதிய ஒரு வகைச் சமன்பாடுகளை எடுத்து, சில நிலைமைகளில் இவற்றின்படி கார்கள் பின்னோக்கி ஓட வேண்டியிருக்கும் என்று காட்டினார். தலைப்பிலேயே அவற்றுக்கு இரங்கற்பா பாடிவிட்டார். 2000-இல் ஆவ், ராஸ்கல் என்ற இரு கணிதவியலாளர்கள் அந்தக் குறையை நீக்கி எழுதிய கட்டுரைக்கு 'உயிர்த்தெழல்' என்றே பெயர் வைத்தார்கள். (இத்துறையிலும் நகைச்சுவை உண்டு என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சான்று இது.) முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத்தான் ஓட்டுநர் ஓட்டுகிறார், பின்னால் வருவதைப் பார்த்து அல்ல என்ற சாலைப் புத்தியிலிருந்துதான் அந்தச் சண்டையே கிளம்பியது.

மாணவனாக இருந்தபோது நானும் ஒரு சந்திப்பில் உட்கார்ந்து வண்டி எண்ணியிருக்கிறேன். கால் மணிக்கு ஒரு கட்டம். கார், பேருந்து, லாரி, இருசக்கர வண்டி என்று தனித்தனியாகக் கோடு போட வேண்டும். தூக்கம் வந்து, கடைசி இரண்டு கட்டங்களை மனக்கணக்கில் நிரப்பினேன். தாளைப் பார்த்ததும் பேராசிரியர் நிமிர்ந்தார். "உண்மையான வண்டிகள் இவ்வளவு ஒழுங்காக வராதுப்பா" என்றார். சிக்னல் விட்டதும் கும்பலாக வரும், பிறகு வெறிச்சோடும். என் எண்களோ படிக்கட்டு போலச் சீராக இருந்தன. மறுநாள் அதே இடத்தில் எனக்குப் பக்கத்தில் அவரும் ஒரு தாளோடு உட்கார்ந்தார். அந்தக் கணக்கு எந்த ஆய்விதழிலும் வரவில்லை. ஓர் அறிக்கையின் பின்னிணைப்பில் கிடக்கிறது. நீங்கள் பயன்படுத்திய அளவுகோலில் அதற்குச் சுழியம்.

உங்கள் கட்டுரையில் வந்த பேராசிரியரை மறுபடி சந்திக்க வாய்த்தால் ஒன்று கேட்டு எழுதுங்கள். தான் எழுதியவற்றில் எதைச் சாலை பின்னாளில் பொய்யாக்கியது, அது தெரிந்ததும் அவர் என்ன செய்தார்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர்