பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு மடல்

சென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு, வணக்கம்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). பிறந்தவுடன் அவள் அழவில்லை. ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. இப்போது பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் சேர்க்க, போன ஏப்ரலில் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு பள்ளிகளுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம் நான்கிலும் ஒரே பதில்: "இவங்களுக்குன்னு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கேம்மா. வித்யாசாகர் மாதிரி நல்ல இடமெல்லாம் இருக்கே."

அந்த 'இருக்கே' எப்படி உண்டானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மும்பையில் மிது அலூர் என்ற தாய், தன் மகள் மாலினியைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளி கிடைக்காமல், 1972இல் தானே ஒன்றைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகள்தான். 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா' என்று அதற்குப் பெயர். இரண்டு வருடத்தில் கொல்கத்தாவிலும், பிறகு டெல்லி, பெங்களூரிலும் இதுபோன்ற அமைப்புகள் வந்தன. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கினார். அவருடைய மகனுக்கும் கடுமையான மூளை முடக்குவாதம். ஒரு கார் ஷெட்டில், சில குழந்தைகளோடு ஆரம்பித்ததுதான் பின்னால் வித்யாசாகர் என்று பெயர் மாறி, இன்று கோட்டூர்புரத்தில் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1952இல் பிள்ளைகளுக்குப் படிப்பு மறுக்கப்பட்ட மூன்று பெற்றோரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். தசை இறுக்கத்தைக் குறிக்கும் 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல் அதன் பெயரில் இருந்தது; அது தெருவில் வசைச்சொல்லாகவே மாறிப்போனதால், 1994இல் 'ஸ்கோப்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

ஊர் எதுவானாலும் தொடக்கம் ஒன்றுதான். ஒரு பள்ளி வாசலில் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் அம்மாவோ அப்பாவோ வேறு வழியில்லாமல் ஓரிடத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நீங்கள் இன்று கைகாட்டுவது அந்த இடங்களைத்தான். உங்கள் கதவு மூடியிருந்ததால் கட்டப்பட்ட கட்டடத்தைக் காட்டி, கதவைத் தொடர்ந்து மூடி வைக்கலாமா?

அந்தக் கார் ஷெட்டில் தொடங்கியவர்கள் தங்கள் சுவருக்குள் குழந்தைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதோடு நிற்கவில்லை. சாதாரணப் பள்ளிகளில் படிக்க அவர்களைத் தயார் செய்தார்கள். சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சட்டத்துக்காகப் போராடியவர்களோடு நின்றார்கள். சில குறைபாடுகள் உள்ளவர்களின் நலனுக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளைக்கே பின்னாளில் பூனம் நடராஜன் தலைவராக இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உழைத்துத்தான் 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். வாய் பேச வராத குழந்தை படத்தைத் தொட்டால், கருவி அதை வாக்கியமாகச் சொல்லும். கை சரியாக வராத குழந்தைக்கு ஒரே ஒரு ஸ்விட்ச் போதும் என்ற அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்குப் பேச வரவில்லை என்பதால் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது என்பதை அவர்கள் நம்பினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

ஏனென்றால் நான் போன பள்ளி ஒன்றில், என் மகளின் எதிரிலேயே என்னிடம் கேட்டார்கள்: "நாம பேசறது இவளுக்குப் புரியுமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் எழுத்துப் பலகையைக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. "புரியும்னு ஏன் சொல்லல?"

இதை இங்கே சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்பட்ட பாதிப்பு. தொற்றாது. அந்தப் பாதிப்பு நாளாக நாளாகப் பெருகுவதும் இல்லை. தசைகள் இறுகும், அல்லது துவளும், அல்லது நினைத்த பக்கம் போகாமல் இழுக்கும். சிலருக்கு அறிவுத்திறனிலும் சிரமம் இருக்கும், பலருக்கு இருக்காது. முகம் கோணுவதையும் எச்சில் வழிவதையும் பார்த்து ஒரு குழந்தைக்கு எவ்வளவு தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். விரும்பும் உரிமை குழந்தைக்கு. சிறப்புப் பள்ளி தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அது நல்ல இடமும்கூட. ஆனால் எங்கே படிப்பது என்பதை எங்களுக்காக நீங்கள் வாசலிலேயே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

பொதுத்தேர்வைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்றால், அரசுத் தேர்வுத் துறை சொல்வதை எழுத ஆள் தருகிறது, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தருகிறது. விண்ணப்பத்தை நேரத்தோடு பள்ளி அனுப்பினால் போதும். ஆறாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது ஒரு மதியத்து வேலை. கழிவறைக் கதவை அகலப்படுத்துவதும் உள்ளே ஒரு கைப்பிடி வைப்பதும் ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கு வாசலில் இரண்டு படி. ஏறக்குறைய ஓரடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. சுற்றுச்சுவரை ஒட்டி அதற்கு இடம் இருக்கிறது; நான் அளந்து பார்த்தேன். செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம். வருகிற சேர்க்கைக்கு மறுபடியும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன், எழுத்துப் பலகையோடு. இந்த முறை கேள்வியை அவளிடம் கேளுங்கள். பதில் வரப் பத்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புக்குக் காத்திருக்கும் ஒரு சிறுமியின் அம்மா