கடலடிச் சுரங்கமும் எங்கள் மலைச் சுவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங் – ஜுஹாய் – மக்காவ் கடல் பாலம் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். 55 கிலோமீட்டர் நீளம், 2018 அக்டோபரில் திறப்பு, எல்லாம் சரி. நடுவே 6.7 கிலோமீட்டர் சுரங்கமாகக் கடலடியில் போவதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெரிய கப்பல்களின் தடம் அது. பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் தூண்களை உயர்த்தவும் முடியாது.

கோத்தகிரியில் 40 வருடம் தடுப்புச் சுவர் கட்டிய கொத்தனார் நான். அந்தச் சுரங்கத்தைப் பூட்டிய விதத்தைப் பேத்தியைத் தேடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மொத்தம் 33 கான்கிரீட் துண்டுகள். பெரும்பாலானவை 180 மீட்டர் நீளம். கரையில் வார்த்து, இரு முனையையும் அடைத்து, மிதக்கவிட்டு இழுத்துப்போய், கடலடிப் பள்ளத்தில் இறக்குகிறார்கள். பழைய துண்டோடு புதியது முட்டியதும், இரண்டு அடைப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். உடனே மறுமுனையில் கடலின் பாரம் அழுத்தி, இடையிலுள்ள ரப்பர் வளையத்தை நசுக்கி மூடிவிடுகிறது. தண்ணீரை அடைப்பது தண்ணீரேதான்! கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

15ஆவது துண்டை இரண்டு முறை கொண்டுபோய், பள்ளத்தில் வண்டல் சேர்ந்திருந்ததால் திருப்பி இழுத்து வந்தார்களாம். மூன்றாம் முறைதான் இறக்கினார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழையில், என் மகள் வீட்டுக்கு மேலே இருந்த புதுச் சுவர் சரிந்தது. 12 அடி உயரம். தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. வைத்தால் பார்க்க அசிங்கமாம். பின்னால் ஜல்லியும் போடாமல், தோண்டிய செம்மண்ணையே தள்ளி மூடியிருந்தார்கள். மண் குடித்த தண்ணீர் வேறு எங்கே போகும்? அங்கே ரப்பரை நசுக்கிய அதே அழுத்தம் இங்கே சுவரைத் தள்ளியது. அடுப்படி போயிற்று. குழந்தைகள் முன்னறையில் இருந்ததால் பிழைத்தார்கள்.

மலையில் வீடு கட்டுகிறவர்களே, சுவரில் குழாய்த் துளை கேட்டு வாங்குங்கள். குழாய் வெளிப்பக்கம் சாய்வாக இருக்கட்டும், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள். பழைய சுவர் என்றால் ஐப்பசிக்கு முன்பே துளைகளில் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். அடைமழையிலும் துளை காய்ந்தே கிடந்தால் உள்ளே அடைத்திருக்கலாம். கலங்கலாக வடிந்தால் பின்னால் மண் கரைகிறது. சுவர் முன்னால் புடைத்திருந்தால், பொழுது விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே வீட்டைவிட்டு வெளியேறிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கொத்தனார்,
கோத்தகிரி.