கனவுப் பலகையில் எதை ஒட்டுவது? ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கனவுப் பலகை செய்யப்போகிறார்கள். விஷன் போர்டு என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். எந்த வேலைக்குப் போக ஆசை என்பதைப் படங்களாகவும் சில சொற்களாகவும் ஒரு சார்ட் அட்டையில் ஒட்டிவைப்பதுதான் அது. செய்வது எளிது. எதை ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன ஆண்டு செய்த அட்டைகளில் பெரிய வீடு, கார், மேடையில் விருது வாங்கும் கை என்று படங்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொருவரிடமும் "இந்த வேலையில் சேர்ந்துவிட்டாய், காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாய்?" என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உன் கனவை ஒட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்தான். அதனால் இந்த முறை வேறு மாதிரி செய்கிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வு நெருங்கிய கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர், நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்னொரு பகுதியினர், தாங்கள் உட்கார்ந்து படிப்பதையே ஓட்டிப் பார்த்தார்கள். சீக்கிரம் படிக்கத் தொடங்கியதும் கூடுதல் மதிப்பெண் வாங்கியதும் இரண்டாவது பகுதியினர்தான். கப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர், படிப்பை முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் விசாரித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதுபோல அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால் தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே வந்திருந்தார்கள். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. கனவுப் பலகை பகற்கனவை வளர்க்கும் சாமானாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே அட்டையின் நடுவில் விருதும் காரும் வேண்டாம். அந்த வேலையில் இருப்பவரின் ஒரு சாதாரண நாள் வரட்டும்: என்ன கருவியைக் கையில் எடுக்கிறார், யாரோடு பேசுகிறார், எது அவரைக் களைப்பாக்குகிறது. இதைத் தெரிந்துகொள்ள அந்த வேலை செய்யும் ஒருவரிடமாவது பிள்ளை நேரில் பேசியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கட்டும். இன்னொரு பக்கத்தில், குறுக்கே நிற்பது எது, அது வரும்போது என்ன செய்வேன் என்று ஒரே வரி. "போனைக் கையில் எடுத்தால், அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பேன்" என்பதுபோல. போன ஆண்டு ஒரு மாணவி, தொங்கு பாலம் ஒன்றின் படத்துக்குக் கீழே, 41 மதிப்பெண் வாங்கிய தன் கணக்கு விடைத்தாளை மடிப்புக் கலையாமல் ஒட்டியிருந்தாள். பக்கத்தில் "முதலில் இது" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பார்த்ததிலேயே சிறந்த கனவுப் பலகை அதுதான்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பையனின் அட்டையில் ஸ்டெதாஸ்கோப் படம் ஒட்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்ததால் அடியில் இருந்த வேறொரு படம் தெரிந்தது: ஓர் உளியும் பாதி இழைத்த மரச்சட்டமும். வீட்டில் மாற்றச் சொன்னார்கள் என்றான், அட்டையைப் பார்த்தபடியே. அவன் பெற்றோர் அவன் நன்மையைத்தான் நினைத்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பலகையை அவன் வீட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை.

லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற ஆய்வாளர் 1981இல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆண் வேலை, அது பெண் வேலை என்று குழந்தைகள் சிலவற்றைத் தள்ளிவிடுகிறார்கள்; ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் மதிப்பில்லாதது, எட்டாதது என்று இன்னும் பலவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வயதைக் கடந்து வந்தவர்கள். எத்தனையோ கதவுகளை நமக்குத் தெரியாமலே சாத்தியிருப்பார்கள். மிச்சம் திறந்திருப்பதை நாமும் சாத்த வேண்டாம். படம் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் கிழிக்காதீர்கள், "இதில் உனக்கு என்ன பிடித்தது?" என்று கேளுங்கள். பதிலை முழுக்கக் கேட்ட பிறகு உங்கள் கவலையையும் சொல்லுங்கள், பணக் கஷ்டம் உட்பட. அதைத் தாங்கிக்கொள்ளும் வயதுதான் அவர்களுக்கு.

அட்டையைக் கூடத்தில் மாட்டி உறவினர்களுக்குக் காட்டாமல், படிக்கும் இடத்தில் மாட்டுங்கள். ஆசை மாறினால் படமும் மாறட்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது, போட்டியும் கிடையாது.

அட்டை, பசை, கத்தரிக்கோல் எல்லாம் பள்ளியிலேயே தருகிறோம். வீட்டில் பழைய செய்தித்தாள், வார இதழ் இருந்தால் மட்டும் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் வேலையைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேச முடியுமென்றால், எந்த வேலையாக இருந்தாலும், டைரியில் ஒரு வரி எழுதுங்கள். நானே உங்களை அழைக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்