ஸ்கேனர் இணைப்பை 636 போர்ட்டுக்கு மாற்றுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மண்டபம் கிளை ஸ்கேனர் பயனர் பெயர், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நம் டைரக்டரி சர்வரோடு பேசுவதை, நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக அப்படியே தெரிந்தது. பதறிவிட்டேன். 389 போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாசல் எண்) மறையாக்கம் இல்லாமல் போனால் அப்படித்தான்.

சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழை அதில் போட்டாயிற்று. கீழக்கரை, தொண்டி, பாம்பன் கிளைகளில் முதலில் அந்தச் சான்றிதழை ஸ்கேனர் நம்புவதற்கான நம் ரூட் சான்றிதழை ஸ்கேனரில் ஏற்றுங்கள், அப்புறம் போர்ட்டை மறையாக்கத்தோடு பேசும் 636 ஆக்குங்கள். ஐபி எண் வேண்டாம். சான்றிதழில் உள்ள சர்வரின் முழுப் பெயரையே கொடுங்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்று சான்றிதழ் சரிபார்ப்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள், போலி சர்வர் கேட்டாலும் பாஸ்வேர்டு போய்விடும்.

பாம்பனில் காற்றடித்து கரண்ட் போய் வந்தால் பழைய ஸ்கேனரின் தேதி பின்னுக்குப் போய்விடுகிறது. தேதி தப்பானால் நல்ல சான்றிதழையும் ஏற்காது, அதையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 389-ஐ அடைக்கிறேன்.